ஒரே கை நிரப்பிய தாள்கள்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு மனுஷி தன் வீட்டில் ஈரத்துணியைக் கொடியில் போட்டபடி, மகள் எழுந்தாளா இல்லையா என்று ஒரு குரல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, இரண்டு அளவு பெரிய மஞ்சள் டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே ஏதோ ஒரு விடுதியின் புல்வெளியில் வட்டமாக நின்று, பக்கத்து ஆளிடம் ரப்பர் பந்தைத் தூக்கிப் போட்டு 'நான் உங்களை நம்புகிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அவள். எல்லோர் முதுகிலும் 'நாம் ஒரே வண்டி' என்று அச்சடித்திருந்தார்கள். அந்த எழுத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வேலை பார்ப்பது மருந்துக் கிடங்கில். இன்சுலின், தடுப்பூசி என்று குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்துகள் அங்கே வந்து சில நாள் தங்கி, ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். குளிரறையில் மீட்டர் இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் மீட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். லோடு கிளம்பும்போது அந்தப் பதிவேட்டைச் சரிபார்த்து அவள் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு அட்டைப்பெட்டி கேட்டைத் தாண்டாது. பன்னிரண்டு வருஷமாக அதுதான் அவளுக்குச் சோறு. கொஞ்சம் திமிரும் அதுதான். சரியில்லாத லோடுக்குச் சிவப்பு மையில் 'ரத்து' என்று எழுதிக் குறுக்கே ஒரு கோடு இழுப்பாள். அதனால் அவள் முதுகுக்குப் பின்னால் 'சிவப்புப் பேனா' என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நாற்பது பெட்டி இன்சுலினை நிறுத்தி வைத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போக விடுப்பு எடுத்திருந்தாள். மறுநாள் வந்து பதிவேட்டைப் பார்த்தால் நான்கு, நான்கு, ஐந்து, நான்கு என்று நல்ல பிள்ளையாக இருந்தது. ஆனால் வாசலில் விரல் வைக்கும் வருகை இயந்திரத்தில் அதே வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலிலிருந்து நாலே முக்கால் வரை ஒரு விரல்கூடப் பதியவில்லை. சாப்பாட்டுக்குப் போனவன்கூடவா விரல் வைக்கவில்லை? விசாரித்தால், கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. நாலரை மணி நேரம் வெந்துகொண்டிருந்த அறையில் மீட்டர் நான்கு காட்டியதாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள் என்று அவளுக்கு வந்த கோபத்தில் பதிவேட்டைத் தூக்கி மேனேஜர் மேசையில் போட்டாள். கெட்டுப்போன இன்சுலின் பார்க்க நல்ல இன்சுலின் மாதிரியேதான் இருக்கும். போட்டுக்கொண்டவன் விழும்போதுதான் தெரியும். இதையும் சொன்னாள். மேனேஜர் மூன்று தடவை சமாதானம் பேசிப் பார்த்தார், நாலாவது தடவை பேசவில்லை. அதற்குப் பதிலாக இந்தப் பயிற்சி முகாமை ஏற்பாடு செய்தார்.

பந்து விளையாட்டு முடிந்ததும் நம்பிக்கை விளையாட்டு. எட்டுப் பேர் கை கோத்து நிற்பார்கள். ஒருவர் ஸ்டூலில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும். அவள் முறை வந்தபோது அவள் கண்ணை மூடவில்லை. திரும்பிக் கைகளை எண்ணினாள். பதினாறு இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்துதான் இருந்தது. பதினாறாவது கை போனைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் போனைப் பைக்குள் வைத்தால்தான் விழுவேன் என்று ஸ்டூல் மேலேயே நின்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளர், எந்நேரமும் கையைத் தட்டிக்கொண்டே பேசுகிற ஒல்லி மனிதர், சிரிக்காமல் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு அவள் விழுந்தாள், பிடித்தார்கள். பிடிக்காமல் இருந்திருந்தால் இடுப்பு போயிருக்கும், அதற்கும் ஒரு பயிற்சி வைத்திருப்பார்கள்.

தேநீருக்குப் பிறகு எல்லோரையும் ஹாலுக்குள் அழைத்து ஆளுக்கொரு உறை கொடுத்தார்கள். ஒரு நிறுவனம் என்பது ஒரு வண்டி என்றார் பயிற்சியாளர். அதில் நான்கு வகை மனிதர்கள். முடிவெடுத்து இழுத்துப் போகிறவர்கள் எஞ்சின். சொன்னபடி உழைக்கிறவர்கள் சக்கரம். யாரோடும் உரசாமல் எல்லோரையும் சேர்த்து வைப்பவர்கள் எண்ணெய். மீதி நாலாவது வகை பிரேக். நீங்கள் நிரப்பிக் கொடுத்த அறுபது கேள்விகளின் விடையிலிருந்து உங்கள் வகை துல்லியமாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, உறையைப் பிரித்துப் பாருங்கள் என்றார்.

அவள் பிரித்தாள். பிரேக், தொண்ணூற்று நான்கு சதவீதம். கீழே விளக்கம் வேறு: 'எதையும் சந்தேகத்தோடு பார்ப்பவர். மற்றவர் வேலையில் குறை காண்பதில் நிறைவு அடைபவர். வேகமாக முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இவரை அமர்த்த வேண்டாம்.'

அவள் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். இரண்டாவது முறைதான் உறைத்தது: அவள் எந்தக் கேள்வித்தாளையும் நிரப்பவே இல்லை. கேள்வித்தாள் கொடுத்த புதன்கிழமை முழுக்க அவள் கிடங்கின் மீட்டர்களைத் தூக்கிக்கொண்டு சோதனைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை வந்து கேட்டபோது தாள்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார், கிடங்கில் சரக்கு வரவைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர். தொல்லை விட்டது என்று அவளும் மறந்துவிட்டாள். நிரப்பாத தாளிலிருந்து தொண்ணூற்று நான்கு சதவீதம் எங்கிருந்து வந்தது?

கேட்க வாயைத் திறப்பதற்குள் வகைவகையாக மேசை பிரித்து உட்காரச் சொல்லிவிட்டார்கள். எஞ்சின் மேசையில் மேனேஜரும் இன்னும் நாலு பேரும். சக்கர மேசையில் பத்துப் பேர். எண்ணெய் மேசையில் ஸ்டோர்காரரும் மற்றவர்களும். பிரேக் மேசையில் நாற்காலி ஆறு, ஆள் ஒருத்தி. ஆறு தண்ணீர் பாட்டிலுக்கு நடுவில் அவள் ஒப்புக்கு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது மேனேஜர் எழுந்தார். அவரவர் வகைக்கேற்ற வேலையில் அவரவரை அமர்த்துவதுதான் அறிவியல் என்றார். அதன்படி திங்கட்கிழமையிலிருந்து லோடு விடுவிக்கும் கையெழுத்து ஸ்டோர்காரருக்குப் போகிறது; அவள் பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் அறைக்குப் போகிறாள். சாயங்காலம் முடிவுக் கூட்டத்தில் அவள் தன் பேனாவை ஸ்டோர்காரர் கையில் கொடுப்பாள், அவர் முதல் கையெழுத்தைப் போடுவார். அதற்கென்று ஒரு விடுவிப்புத் தாளைக் கையோடு கொண்டுவந்திருக்கிறோம் என்றார். எந்த லோடு என்று அவள் எழுந்து கேட்டாள். நாற்பது பெட்டி என்றார் மேனேஜர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

"இத நான் முடிவு பண்ணல மேடம். ரிப்போர்ட் சொல்லுது."

கை தட்டினார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள், அவள் சாப்பாட்டு டப்பாவில் கை போட்டுச் சாப்பிட்டவர்கள், கை தட்டினார்கள். அவளுக்குக் காது இரண்டும் சுட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீச்சல் குளத்தோரம் போய் நின்று கணவனுக்குப் போன் செய்தாள். அவர் பஸ் டிரைவர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பிரேக்குன்னா சொன்னான்? காலைல வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி நான் மொதல்ல மிதிச்சுப் பாக்கறதே அதைத்தான். அவன்கிட்ட போய்ச் சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது பெட்டி வெளியே போகப்போகிறது, இவருக்கு வேடிக்கை. போனை வைத்துவிட்டு நேராக ஹாலுக்குத் திரும்பினாள்.

பயிற்சியாளர் தனியாக நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தார். என் விடைத்தாளைப் பார்க்க வேண்டும் என்றாள். அது ரகசியமானது, யாருக்கும் காட்டுவதில்லை என்றார். என்னுடைய ரகசியத்தை எனக்கே காட்ட மாட்டீர்களா என்று அவள் கேட்ட குரலில், மனிதர் மறுபேச்சில்லாமல் பையைத் திறந்து விடைத்தாள் கட்டை எடுத்தார்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓர் எண் எழுத வேண்டும். மேலே அவள் பெயர், கீழே அறுபது எண்கள். மூன்றாவது வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலை திறந்த நான்கு, முதுகு சாய்ந்த நாற்காலி மாதிரி. பன்னிரண்டு வருஷமாகப் பதிவேட்டில் தினமும் அவள் பார்க்கும் நான்கு அது. ஸ்டோர்காரரின் கை. கட்டை வாங்கி மொத்தத்தையும் புரட்டினாள். இருபத்திரண்டு தாளில் ஏழு தாள் அதே கை. புதன்கிழமை ஷிப்டு இல்லாத ஆறு பேருக்கும் அவளுக்கும் சேர்த்து மனுஷன் ஒரே மூச்சில் எழுதித் தள்ளியிருந்தார். அந்த ஆறில் இரண்டு பேர் இப்போது எஞ்சின் மேசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள்.

இது ஒரே ஆள் எழுதியது என்று பயிற்சியாளரிடம் காட்டினாள். அவர் தாளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கையைத் தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக்கொண்டார். ரிப்போர்ட் அச்சடித்தாயிற்றே மேடம் என்றார்.

ஸ்டோர்காரர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவளைவிட மூன்று வயது சின்னவர், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். தினமும் மதியம் அவளுக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வைப்பவர் அவர்தான். அவள் தன் தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் ஈரக்கையோடு சிரித்தார், அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"உங்களுதும் நான்தான்க்கா போட்டேன். வராதவங்களுக்குப் பக்கத்துல இருக்கறவன் போடறதுதானே நம்ம வழக்கம்?"

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"கேட்டா போடறோம்? ஷிப்டுக்கு வராதவன் ரீடிங்கையும் நாமதானே போடறோம். காலியா இருந்தா நீங்கதானேக்கா திட்டுவீங்க."

"என்னைப் பத்தி என்ன நெனச்சு இதை எழுதின?"

அவர் சிரிப்பு அடங்கியது. டி-ஷர்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மத்தவங்களுக்கெல்லாம் தோணினதைப் போட்டேன். உங்களுக்கு மட்டும் யோசிச்சு, உண்மையாப் போட்டேன். நீங்க எப்படியோ அப்படி. இதை வெச்சு உங்க கையெழுத்தையே புடுங்குவாங்கன்னு சத்தியமா தெரியாதுக்கா."

பன்னிரண்டு வருஷத்தில் இந்த மனிதன் உண்மையாக நிரப்பிய முதல் தாள் இதுதான் என்று நினைத்தபோது அவளுக்கு அவரை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. வெளியே சொல்லிவிடாதீர்கள், வேலை போய்விடும் என்று அவர் கெஞ்சத் தொடங்கினார். அவள் தாளை மடித்துக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

சாயங்காலக் கூட்டத்தில் மேனேஜர் விடுவிப்புத் தாளை ஒரு மேசை மேல் விரித்து வைத்தார். பக்கத்தில் ஒரு பூங்கொத்து. அவளை அழைத்தார். அவள் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு போனாள். போட்டோ எடுக்க இரண்டு பேர் போனை நீட்டினார்கள். அவள் பேனாவைக் கொடுப்பதற்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"என் தாளை நான் எழுதல. இந்தக் கட்டுல ஏழு தாள் ஒரே ஆள் எழுதினது. ரிப்போர்ட் சொல்லுதுன்னு சொன்னீங்களே சார், இதுதான் உங்க ரிப்போர்ட்."

மேனேஜர் சமாளித்தார். இந்த மாதிரி பேச்சுக்குத்தான் மேடம் தொண்ணூற்று நான்கு வாங்கியிருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தார்; ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை. சரி, பேனாவைக் கொடுங்கள் என்றார். அவள் பேனாவை ஸ்டோர்காரர் கையில் வைத்தாள்.

"போடு தம்பி. வெள்ளிக்கிழமை மதியம் மீட்டர் நாலுதான் இருந்துச்சுன்னு உனக்கு நம்பிக்கை இருந்தா போடு."

அவர் குனிந்தார். பேனா முனை தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. போட்டோ எடுப்பவர்கள் காத்திருந்தார்கள். மேனேஜர் அவர் தோளில் கை வைத்து மெல்ல அழுத்தினார். ஸ்டோர்காரர் நிமிர்ந்தபோது அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"சார், அந்த ரீடிங்கை எழுதினது நான்தான். மீட்டரைப் பாக்காம எழுதினேன். மேல அக்கா பாத்துக்குவாங்கன்னுதான் எழுதினேன். நானே எழுதினதை நம்பி நானே எப்படி சார் கையெழுத்துப் போடறது?"

பேனாவை அவர் பக்கத்தில் இருந்த லோடிங் சூப்பர்வைசரிடம் நீட்டினார். அவர் நெருப்பைத் தொட்டது போல வாங்கி அடுத்த ஆளிடம் தள்ளினார். அடுத்தவர் அதற்கடுத்தவரிடம். காலையில் புல்வெளியில் பந்தைப் போட்டுக்கொண்டு 'நான் உங்களை நம்புகிறேன்' என்று பாடிய அதே ஆட்கள், அதே வரிசை. எஞ்சின் மேசையைத் தாண்டும்போது பேனா இன்னும் வேகமாகப் போனது. கடைசியில் மேனேஜர் கையில் போய் நின்றது. அவர் பேனாவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். நீங்களே போடுங்கள் சார், ஒரு கையெழுத்துதானே என்றாள் அவள். அவர் பேனாவை மேசை மேல் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, தேநீர் வந்துவிட்டது என்றார்.

அவள் பேனாவை எடுத்து விடுவிப்புத் தாளில் 'ரத்து' என்று எழுதிக் குறுக்கே கோடு இழுத்தாள். எத்தனை அழுத்தி இழுத்தாள் என்றால் தாள் கிழிந்து மேசைத் துணியில் சிவப்பு இறங்கியது. அதற்குப் பிறகு ஆளாளுக்கு வந்து, நல்ல வேளை அக்கா நீங்கள் இருந்தீர்கள் என்றார்கள். அது அவள் கோபத்தை இன்னும் கிளறியது. காலையில் கை தட்டிய கைகள்தானே இவை? திரும்பும் பஸ்ஸில் ஸ்டோர்காரர் வழக்கம்போல் தன் பக்கத்து சீட்டில் அவள் பையை வைத்து இடம் பிடித்திருந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை ஆவண அறையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. காலையிலேயே அவள் எல்லோரையும் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள். அவனவன் ரீடிங்கை அவனவன்தான் எழுத வேண்டும், மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். ஆள் இல்லையென்றால் கட்டம் காலியாகக் கிடக்கட்டும். காலியாக இருப்பதற்கு இனிமேல் திட்ட மாட்டேன். சொல்லிவிட்டு வழக்கம்போல் பத்து மணிக்குத் தானே போய்ப் பார்த்தாள். மீட்டர் நான்கில் இருந்தது.

மூன்று மணிக்கு ஒரு லோடுக்காகப் பதிவேடு அவள் மேசைக்கு வந்தது. எட்டு மணிக் கட்டம் காலி. பத்து மணிக்கு நான்கு. பன்னிரண்டுக்கு ஏழு. இரண்டு மணிக் கட்டத்தில் ஸ்டோர்காரரின் கையில் ஒன்பது.

அவள் எழுந்து குளிரறைக்கு ஓடினாள். ஒன்றும் பழுதில்லை. மதியம் லோடு ஏற்றும் நேரம், கதவு பன்னிரண்டுக்கு முன்னாலிருந்தே திறந்தபடி கிடந்தது. இன்று மட்டும்தானா இப்படி என்று ஸ்டோர்காரரைக் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, தினமும் மதியம் இப்படித்தான் அக்கா என்றார்.

தினமும். பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பதிவேட்டில் ஒரு ஒன்பதைக்கூட அவள் பார்த்ததில்லை. நான்கு, நான்கு, ஐந்து, நான்கு. காலை பத்து மணிக்கு மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மற்றக் கட்டங்களில் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். காலிக் கட்டம் கண்ணில் பட்டால் கத்தியிருக்கிறாள். அவள் கத்தியதற்குப் பயந்துதான் அத்தனை நான்கும் பிறந்திருக்கின்றன. இரண்டு நாளாக எல்லோர் மேலும் எரிந்த கோபம் இப்போது அவள் மேலேயே திரும்பிப் பற்றியது. அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை.

அந்த லோடை ரத்து செய்தாள். பிறகு மேனேஜர் அனுப்ப நினைத்த அதே ஆவண அறைக்குத் தானாகவே போனாள். அலமாரியில் பழைய பதிவேடுகள் வருஷவாரியாக அடுக்கியிருந்தன. மேலே இருந்த முதல் பதிவேட்டை இறக்கித் தூசி தட்டி, தரையில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, தன் கையெழுத்து இருந்த முதல் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.